பூட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போன திருடன்

ஒரு சாமி காணாமல் போனதற்கு இன்னொரு சாமியிடம் புகார் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

துப்பறியும் கங்காதரன் அந்தச் சின்ன மாதா கோயிலுக்குள் நுழைந்ததும் கண்ட காட்சி அதுதான். ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தி காலமான வருஷம். வானகரத்துக்கும் திருவேற்காட்டுக்கும் நடுவே கூவம் ஆற்றங்கரையில் இருந்த ஓட்டுக் கட்டடம். உள்ளே அந்தோணியார் சுரூபத்தின் முன்னால் மெழுகுவர்த்திகள் இடம் போதாமல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எரிந்தன.

“இன்னா அண்ணாத்தே, கல்யாண ஊடு மாதிரி கீது?” என்றான் துலுக்கானம். இவன் கங்காதரனின் உதவியாளன். பூந்தமல்லியிலிருந்து அவரை ஏற்றி வந்த ஜட்காவின் சொந்தக்காரனும் இவனே. கேட்காமலே ஆலோசனை சொல்லும் உத்தியோகத்தையும் அவனாகவே எடுத்துக்கொண்டிருந்தான்.

“அந்தோணியார் காணாமப் போன பொருளைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர்டா. அதான் இத்தனை கூட்டம்.”

“அப்போ நம்ப எதுக்கு வந்தோம்? அவரு வயித்துல அடிக்கவா?”

 கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்து, வக்கீல்களின் பொய்களைப் பிரதி எடுத்து எடுத்து அலுத்துப் போய்த் துப்பறிய வந்தவர் கங்காதரன். பொய்யை வாசனையிலேயே கண்டுபிடிப்பார். அவரை வரவழைத்த இஞ்ஞாசி சாமியார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி எதிரே வந்தார். மெலிந்த மனிதர், இரவெல்லாம் தூங்காத முகம்.

சுவரில் வரிசையாக இருந்த மாடங்களில் அர்ச்சியசிஷ்டர்கள் எனப்படும் புனிதர்கள் சிலைகளாக நின்றார்கள். துலுக்கானம் ஒவ்வொருவராக விசாரிக்கத் தொடங்கினான்.

“அம்பு தச்சுகினு நிக்கறாரே, அவரு?”

“செபஸ்தியார்,” என்றார் சாமியார். “கொள்ளைநோய் வராமல் காப்பவர்.”

“தட்டுல கண்ண வெச்சுகினு கீற அம்மா?”

“லூசியம்மாள். கண் நோவுக்கு.”

“அந்தத் தாடிக்காரரு?”

“சூசையப்பர். நல்ல மரணத்துக்கு.”

“சாவறதுக்குகூடவா ஒர்த்தரு! கோட்டையிலகூட இத்தினி இலாகா கெடையாது சாமி.”

சாமியாருக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. “தப்பாப் புரிஞ்சுக்காதேப்பா. இவர்கள் யாரும் தாங்களா எதையும் கொடுக்கிறதில்லை. கொடுக்கிறவர் சர்வேசுரன் ஒருவர்தான். ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று மட்டும்தான் இவர்களைக் கேட்கிறோம்.”

“சிபாரிசு.”

“சரி, சிபாரிசுன்னே வெச்சுக்கோ.”

“கவர்னர நேரா பாக்க முடியாதவன் டவாலியப் புடிக்கறான். கரீட்டுதான்.”

கடைசி மாடம் காலியாக இருந்தது. ஆனால் அதன் முன்னாலும் ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. துலுக்கானம் அதைச் சுட்டிக்காட்டி, “ஆபீசரு ஊர்ல இல்லாதப்பவும் மனு குடுக்கறாங்க பாரு,” என்றான். கங்காதரன் அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

நேற்று மாலைவரை அங்கே இருந்தவர் அர்ச்சியசிஷ்ட இரேமுந்து. முழங்கை உயரத்து மரச் சுரூபம், எப்போதோ கோவாவிலிருந்து வந்தது. சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையாததால் எல்லோருக்கும் அவர் பூட்டுச் சாமி.

“அவர் உதட்டில் ஒரு சின்ன நிஜப் பூட்டு தொங்கும்,” என்றார் சாமியார். “ஆப்பிரிக்காக் கரையில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களை மீட்கப் போனார். பணம் தீர்ந்ததும் தன்னையே பிணையாகக் கொடுத்தார். சிறையிலும் வாய் ஓயாமல் பிரசங்கம் செய்தார். பொறுக்க முடியாமல் உதட்டைத் துளைத்துப் பூட்டிவிட்டார்கள். அது மட்டுமில்லை, அவர் பிறந்த விதமே—”

“அதெல்லாம் இப்போ இன்னாத்துக்கு சாமி?” என்று ஒரு குரல் குறுக்கே விழுந்தது.

கோயில் நாட்டாண்மை ஞானப்பிரகாசம் வந்துகொண்டிருந்தார். பெரிய முண்டாசு, பெரிய மீசை. கோயிலுக்குச் சேர்ந்த நிலங்களைப் பார்த்துக்கொள்பவர், அந்த நிலங்களோடு ஊர்க்காரர்களின் ஒழுக்கத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்பவர்.

“கதவு ஒடையல. ஜன்னல் கம்பி வளையல. சாவி ஒர்த்தங்கிட்டதான் கீது, மணி அடிக்கற கோயில்பிள்ளை மரியசூசைகிட்ட. ஆவடிப் பக்கம் ஒரு தொர போன மாசம் இந்த சுரூபத்த வெலைக்குக் கேட்டுகினு போனாரு. இதுக்கு மேல துப்பு இன்னா வேணும்? அவனப் புடிச்சு மணிக்கூண்டு ரூம்ல போட்டுகீறேன். சாயங்காலம் சப்-இன்ஸ்பெக்டரு வராரு, ஒப்படைச்சுடுவேன்.”

“அவன் வீட்டில் சோதனை போட்டீர்களா?”

“போட்டேன். இல்ல. எங்கியோ கைமாத்திட்டான். எந்த ஊட்ல கெடைச்சாலும் செரி, அந்தக் குடும்பத்துக்கு இந்தக் கோயில்ல கல்யாணம் கெடையாது, கல்லறைல குழி கெடையாது. சொல்ட்டேன்.”

அவர் போனபிறகு கங்காதரன் காலி மாடத்தைச் சோதித்தார். பக்கத்திலேயே இரண்டு வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகள் தொடப்படாமல் நின்றன. மாடத்தின் நடுவில், சுரூபத்தின் உதட்டில் தொங்க வேண்டிய அந்தச் சின்னப் பூட்டு கிடந்தது. உடைக்கப்படவில்லை. சாவி போட்டுத் திறந்து, துடைத்து, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. கங்காதரன் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“வெள்ளிய வுட்டுட்டான், பூட்ட வுட்டுட்டான், கட்டய எடுத்துகினு போயிட்டான்,” என்றான் துலுக்கானம். “அடுப்பு எரிக்கவா?”

மணிக்கூண்டு அறையில் மரியசூசை தரையில் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதிருக்கும். கங்காதரனைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“நீ எடுத்தாயா?”

“இல்லீங்க.”

“யார் எடுத்தது?”

மரியசூசை மேலே தொங்கிய மணிக் கயிற்றைப் பார்த்தான்.

“சாயங்காலம் உன்னை ஜெயிலுக்குக் கொண்டு போவார்கள், தெரியுமா?”

“தெரியுமுங்க. பூந்தமல்லி சப்-ஜெயிலுக்கு சாமியாரோட ஒரு தபா போயிருக்கேன். காத்தே வராதுங்க.”

“பெண்டாட்டி, பிள்ளைகள்?”

“ரெண்டு புள்ளைங்க. சாமியாரு பாத்துக்குவாருங்க.” இதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வெளியே வந்த கங்காதரன் பொடி டப்பாவைத் திறந்தார். “திருடனா இருந்தா அழுவான், சத்தியம் பண்ணுவான். நிரபராதியா இருந்தா அதைவிட ஜாஸ்தி அழுவான். இவன் ரெண்டுமே பண்ணலை. எனக்குப் பிடிக்கலைடா துலுக்கானம்.”

“எனக்கும்தான். அவனப் பாத்தா ஜெயிலுக்குப் போறவன் மாதிரி இல்ல. மாமியார் ஊட்டுக்குப் போறவன் மாதிரி கீறான்.”

கங்காதரனுக்கு இருந்தது ஒரே ஒரு தடம், பூட்டு. அடுத்தவன் வாயை அடைக்க வேண்டியவர்கள் சின்னச் சின்னப் பூட்டுகளை வாங்கி வந்து அந்த மாடத்தில் காணிக்கை வைப்பது வழக்கம் என்று சாமியார் சங்கடத்தோடு ஒப்புக்கொண்டார். அவர் தடுத்தும் யாரும் கேட்கவில்லை. கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, மற்றவர்களும் வந்தார்கள். கடைசியாக வந்தவர் வானகரம் நாகப்பன். நாளை மறுநாள் அவருக்குப் பூந்தமல்லி கோர்ட்டில் வாய்தா, எதிர்சாட்சி அவருடைய பங்காளி.

“அவ்ளோதான்,” என்று துலுக்கானம் ஜட்காவில் ஏறினான். “சாட்சியோட வாயடைக்க சாமியவே கோர்ட்டுக்குக் கூட்டிகினு போறான். அரெஸ்ட்டு பண்ணிடலாம்.”

நாகப்பன் வீட்டு வாசலில் வேர்க்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

“ஆமா, பூட்டு குடுத்தேன். எம் பங்காளி சாட்சி சொல்ல வரப்போ நாக்கு எழக் கூடாதுன்னு வேண்டிகினேன். மறுநாளே அவனுக்குப் பல்வலி வந்து கன்னம் இத்தத் தண்டி வீங்கிச்சு. சோக்கான சாமி.”

“அதனால் சாமியை எடுத்து வந்துவிட்டீர்.”

“இன்னாய்யா துப்பறியறே நீ! சாமிய எடுத்துகினு பூட்ட வுட்டுட்டு வருவேனா? எனக்கு வேண்டியதே பூட்டுதானே. பூட்டு இல்லாத பூட்டுச் சாமிய வெச்சுகினு நான் இன்னா பண்றது, கொலு வெக்கிறதா?”

கங்காதரன் கடலைப் பரப்பின் நடுவில் அசையாமல் நின்றார். பிறகு நாகப்பனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஜட்காவில் ஏறினார். 

“மூஞ்சி ஏன் அண்ணாத்தே தொங்கிப் போச்சு?”

“அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரிடா. வாயடைக்கிறவனுக்குப் பூட்டுதான் வேணும். நம்ம திருடனுக்குப் பூட்டு வேணாம், சாமி மட்டும் வேணும். சும்மா விட்டுட்டுப் போகலை, பொறுமையா உட்கார்ந்து திறந்து கழட்டி வெச்சுட்டுப் போயிருக்கான். பூட்டைக் கண்டா ஆகாத திருடன் யாருடா?”

“எல்லாத் திருடனுக்குமே பூட்டக் கண்டா ஆவாது.”

கோயில் வாசலில் வடிவு என்ற பெண் மெழுகுவர்த்தி விற்றுக்கொண்டிருந்தாள். இன்று அவளுக்கு நல்ல வியாபாரம். அவள்தான் கங்காதரனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“இன்னா நைனா, பூட்டுச் சாமி பூட்டுச் சாமின்னு ஊரெல்லாம் சுத்திகினு வரியாமே?”

“வேறே என்ன சொல்லணும்?”

“ஆம்பளைங்களுக்குத்தான் அவரு பூட்டுச் சாமி. எங்களுக்கு அவரு பேறுகாலத்துச் சாமி. அவங்கம்மா செத்துப் போன அப்பால வயித்தக் கீறி எடுத்த புள்ளையாம் அவரு. அதனால புள்ளத்தாச்சிங்க யாரு கூப்பிட்டாலும் சர்வேசுரன்கிட்ட ஓடிப்போய் மன்றாடுவாரு. நான் மூணு பெத்தேன், மூணுக்கும் அவருதான்.”

“இதை ஏம்மா என்கிட்ட யாருமே சொல்லலை?”

“நீ யாரக் கேட்டே? சாமியாரு, நாட்டாம, நாகப்பன். இதுல யாரு புள்ள பெத்தவங்க?”

துலுக்கானம் விழுந்து விழுந்து சிரித்தான். கங்காதரன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தத் திறந்த பூட்டை எடுத்தார்.

“துலுக்கானம், உன் பெண்டாட்டிக்கு வலி எடுத்தா வீட்டுல என்ன பண்ணுவாங்க?”

“மொதல்ல என்னிய வெளிய தொரத்துவாங்க.”

“அப்புறம்?”

“அப்பால பொட்டி, பானை, கதவு எல்லாத்தையும் தொறந்து போடுவாங்க. கயிறு, முடிச்சு ஒண்ணு வுடாம அவுப்பாங்க. ஊட்ல எதுனா பூட்டிகினு இருந்தா புள்ளையும் உள்ளயே பூட்டிக்கும்னு—” துலுக்கானத்தின் சிரிப்பு நின்றுபோனது. “அடடே. வாயில பூட்டோட ஒர்த்தர அந்த ரூமுக்குள்ள எப்படிக் கொண்டு போவாங்க!”

“போகமாட்டாங்க. கழட்டி வெச்சுட்டுத்தான் போவாங்க.” கங்காதரன் வடிவின் பக்கம் குனிந்தார். “இன்னைக்கு அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி வாங்காதவங்க யாராவது உண்டா?”

“ஊரே வாங்கிச்சு. மரியசூசை வாங்கல, பாவம், அவனத்தான் காலையிலயே அடைச்சுட்டாங்களே. அப்பால...” அவள் கோயில் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “நாட்டாம ஊட்டம்மா, ஆரோக்கியம்மா. ஒண்ணு வாங்கினாங்க. ஆனா அந்தோணியாருகிட்ட போவல. காலி மாடத்துல ஏத்திட்டு, பூந்தமல்லில தங்கச்சியப் பாக்கணும்னு போயிட்டாங்க.”

கங்காதரனுக்கு ஒரு சிட்டிகைப் பொடி தேவைப்பட்டது. போலீஸ்காரனிடம் பொய் சொல்லலாம், புருஷனிடம் பொய் சொல்லலாம். ஆனால் தானே எடுத்து வைத்த பொருளைத் தேடித் தரும்படி அந்தோணியாரிடம் போய் நடிக்க, பக்தியுள்ள ஒரு பெண்ணுக்குத் துணிச்சல் வராது.

“அந்த வீட்டில் யாருக்குப் பேறுகாலம்?”

வடிவு குரலை இறக்கினாள். “அவங்களுக்கு ஒரே பொண்ணு. பிலோமி. திருவேற்காட்டு தசரதனக் கட்டிகினு போயிடுச்சு. அவரு இந்து. நாட்டாம தல முழுகிட்டாரு. அந்தப் பேர இந்தக் கோயில் வளவுல யாரும் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. நானும் சொல்லல, நீயும் கேக்கல.”

இப்போது கங்காதரனுக்கு ஒரு பெரிய சங்கடம். உண்மையைச் சொன்னால் ஆரோக்கியம்மாளின் மானம் போகும், கல்லறையில் குழிகூடக் கிடையாது என்று புருஷனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். சொல்லாவிட்டால் மரியசூசை ஜெயிலுக்குப் போவான். பொழுது மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. அவர் நேராகப் போய் ஞானப்பிரகாசத்தை அழைத்தார்.

“சுரூபம் இருக்கிற இடம் தெரிந்துவிட்டது. நீங்களே வந்து கையால் எடுத்துக்கொள்ளுங்கள்.”

“அப்படி வா வழிக்கு!” என்று முண்டாசை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஜட்காவில் ஏறினார் நாட்டாண்மை. வழி நெடுகத் திருடனுக்குக் கொடுக்க வேண்டிய தண்டனைகளை விவரித்துக்கொண்டே வந்தார். துலுக்கானம் குதிரையிடம், “கேட்டுக்கோ, நாளைக்கு உபயோகப்படும்,” என்றான்.

திருவேற்காட்டில் ஜட்கா நின்ற வீடு கொள்ளை போன வீடு போலிருந்தது. வாசல் கதவு, கொல்லைக் கதவு, சன்னல், டிரங்குப் பெட்டி எல்லாம் ஆவென்று திறந்து கிடந்தன. கன்றுக்குட்டி கயிறில்லாமல் நடை வரைக்கும் வந்து நின்றது. உள்ளறையிலிருந்து ஒரு பெண் முனகும் சத்தம் கேட்டது.

ஞானப்பிரகாசத்துக்கு அந்தக் குரல் தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது.

தலைமுடியை அவிழ்த்துவிட்டபடி ஒரு பெண்மணி குறுக்கே வந்து நின்றாள். தசரதனின் தாய் சொர்ணம்.

“ஆம்பளைங்க அங்கியே நில்லுங்க. தசரதன் மருத்துவச்சிக்கு வண்டி கட்டிகினு போயிருக்கான். இன்னா வேணும்?”

அவள் பின்னாலேயே ஆரோக்கியம்மாள் வந்தாள். புருஷனைப் பார்த்தும் அவள் பயப்படவில்லை. பயப்படும் எல்லையெல்லாம் அவள் காலையிலேயே தாண்டியிருந்தாள்.

“சாமிய எங்கடி?” என்றார் ஞானப்பிரகாசம். குரலில் பாதிதான் வந்தது.

“உள்ள கீறாரு. வேலையா கீறாரு. முடிஞ்ச அப்பால வந்து எடுத்துகினு போங்க.”

“சாமியாரக் கேட்டிருந்தா...”

“கேட்டா யாருக்குன்னு கேப்பாரு. எம் பொண்ணுக்குன்னு நான் எப்படிச் சொல்றது? அந்தப் பேரச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே உத்தரவு போட்டீங்க? போன வருசம் இவளுக்கு ஒரு ஆம்பளப் புள்ள மூச்சில்லாம பொறந்துது. உங்களுக்குத் தெரியுமா? நான் தோட்டத்துல போய் அழுதுட்டு வந்து உங்களுக்குச் சோறு போட்டேன்.”

அவருக்குத் தெரியாது. கையால் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“நாந்தான் திருடச் சொன்னேன்,” என்றாள் சொர்ணம். “எங்கள்ல புள்ளையாரக் கேட்டு வாங்க மாட்டோம். திருடிகினு வந்து வெச்சாத்தான் சக்தி ஜாஸ்தி. உங்க சாமிக்கும் அதே ஞாயந்தானேன்னேன்.”

“கோயில் சாவி?” என்று கங்காதரன் கேட்டார்.

“கதவு தொறந்து கெடந்துது,” என்றாள் ஆரோக்கியம்மாள், அவர் முகத்தைப் பார்க்காமல். உள்ளேயிருந்து ஒரு அலறல் வந்தது. அவள் ஓடினாள்.

சொர்ணம் மூன்று ஆண்களையும் மேலும் கீழும் பார்த்தாள். “நிக்கறதுதான் நிக்கறீங்க, ஒடம்புல முடிச்சு எதுனா இருந்தா அவுத்துட்டு நில்லுங்க.”

கங்காதரன் மறு பேச்சில்லாமல் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். துலுக்கானம் ஓடிப்போய்க் குதிரையையே ஜட்காவிலிருந்து அவிழ்த்துவிட்டான். சொர்ணத்தின் பார்வை அந்த முண்டாசில் வந்து நின்றது. ஊரில் யார் முன்னாலும் கழற்றப்படாத முண்டாசு அது. ஞானப்பிரகாசம் இரண்டு கையாலும் அதை அவிழ்த்துத் தரையில் போட்டார். உள்ளே தலை வழுக்கை.

அதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மண்டியிட்டு, தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். பிரார்த்தனை சொல்ல ஆரம்பித்தார்.

“அர்ச்சியசிஷ்ட அன்னம்மாளே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். அர்ச்சியசிஷ்ட சூசையப்பரே...”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்,” என்று உள்ளேயிருந்து ஆரோக்கியம்மாள் பதில் சொன்னாள்.

“அர்ச்சியசிஷ்ட இரேமுந்துவே...”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்,” என்று இம்முறை சொர்ணமும் சேர்ந்துகொண்டாள். பிரார்த்தனையின் ஓட்டம் பிடிபட்டுவிட்டது அவளுக்கு. அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், அவள் கையைத் தலைக்கு மேல் குவித்து, “தாயே கருமாரி!” என்றாள்.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்,” என்றார் ஞானப்பிரகாசம், ஓட்டத்தில்.

சொல்லிவிட்டுத் திடுக்கிட்டு ஒரு கணம் நின்றார். பிறகு, இன்றைக்கு யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று தோன்றியதோ என்னவோ, அடுத்த பெயருக்குப் போனார். துலுக்கானம் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்தது சிரிப்பால் மட்டுமில்லை.

வாசலில் வண்டி வந்து மருத்துவச்சி இறங்கி உள்ளே ஓடினாள். பிரார்த்தனை இரண்டாவது சுற்று வந்தது. அதன் பாதியில் உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது.

சாமி வேலை முடிந்து வெளியே வந்தார். கூடவே ஒரு துணி மூட்டையும் வெளியே வந்து, ஞானப்பிரகாசத்தின் கையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு உள்ளே போனது. அவர் உள்ளறை வாசல்வரை போனார், எட்டிப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள்.  அவள் ஒதுங்கிக் கட்டிலில் இடம் விட்டாள், அவர் போய் உட்கார்ந்தார்.

“பொழுது போயிடுச்சு,” என்று கங்காதரன்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது. “அங்கே ஒருத்தன் ஜெயிலுக்குப் போகப் போறான்.”

அவிழ்த்துவிட்ட குதிரையைப் பிடிக்கவே பெரும்பாடாகிவிட்டது. ஜட்கா கோயில் வாசலை அடைந்தபோது சப்-இன்ஸ்பெக்டரின் சைக்கிள் மரத்தில் சாய்ந்திருந்தது. மரியசூசையை வெளியே கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். அவன் மனைவி இரண்டு பிள்ளைகளோடு ஓரமாக அழுதுகொண்டிருந்தாள். ஊரே கூடியிருந்தது.

கங்காதரன் தயாராக ஒரு பொய் வைத்திருந்தார். கூவம் கரைத் தாழம்புதரில் கிடந்தது, ஆள் யாரென்று தெரியவில்லை. இத்தனை வருஷம் வக்கீல்களிடம் வேலை பார்த்ததற்கு இதுகூட வராவிட்டால் எப்படி? அவர் வாயைத் திறப்பதற்குள் ஞானப்பிரகாசம், முண்டாசில்லாத தலையோடு, சுரூபத்தை மார்போடு அணைத்தபடி இறங்கிவிட்டார்.

“மரியசூசைய வுடுங்க. சாமிய எடுத்தது நானு.”

சாமியாரின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. “நீரா?”

“ஆமா சாமி. என் ஊட்டுக்கு வேண்டியிருந்துது.”

“கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனே!”

“கேக்கறதுக்கு எனக்கு யோக்கியத இல்ல சாமி.”

கூட்டத்தில் ஒருவன் துணிந்து, “அப்போ கல்யாணம் கெடையாது, குழி கெடையாதுன்னு சொன்னது?” என்று கேட்டான்.

“சொன்னது சொன்னதுதான். என்னிய ஒதுக்கி வெச்சுக்கோங்க.”

சப்-இன்ஸ்பெக்டர் கங்காதரனைப் பார்த்தார். கங்காதரன் கோயில் கூரையைப் பார்த்தார். புகார் கொடுத்தவரே திருடன் என்றால் எந்தச் சட்டப்பிரிவு என்று யோசித்து, விடை தெரியாமல், சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது எல்லோருடைய கண்ணும் மரியசூசைமேல் இருந்தது. நாளெல்லாம் அடைத்து வைத்தவர், திருடன் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவர், எதிரே தலை குனிந்து நிற்கிறார். அவன் காறித் துப்பினாலும் கேட்க ஆளில்லை. மரியசூசை வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். சுரூபத்தை இரு கையாலும் வாங்கிக்கொண்டான். பிறகு, பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகக் கேட்டான்.

“இன்னா கொயந்தங்க, நாட்டாம?”

கங்காதரனின் கையிலிருந்த பொடி டப்பா கீழே விழுந்தது. துலுக்கானம் அதை எடுத்துக் கொடுத்தபடி காதோரம் சொன்னான், “கதவு தானா தொறந்து கெடக்கல, அண்ணாத்தே.”

ஞானப்பிரகாசம் மரியசூசையை ரொம்ப நேரம் பார்த்தார்.  பதில் வந்தபோது அது கோயில் வளவு முழுக்கக் கேட்டது.

“பொண்ணு, சூசை. எம் பொண்ணு பிலோமிக்குப் பொண்ணு பொறந்துகீது.”